பெயருக்கு ஒரு கட்டம் போதும்

அன்புள்ள கவின்,

பதிவுப் படிவம் வடிவமைக்க உட்கார்ந்தால் கவனம் முதலில் நிறத்துக்கும் பொத்தானுக்கும்தான் போகும். எதையெல்லாம் கேட்காமல் விடலாம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடு. பெயரையே எடுத்துக்கொள். முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கட்டாயமாக்கும் படிவங்கள் இன்றும் ஏராளம். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். எஸ். முருகன் என்பவர் இரண்டாம் கட்டத்தில் 'எஸ்' என்ற ஓர் எழுத்தை இட்டால், இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரும். வேறு வழியின்றி அப்பா பெயரை முழுதாக இடுவார், அல்லது 'முருகன் முருகன்' என்று நிரப்புவார். பிறகு அந்தப் பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாமல் அலைய வேண்டியவரும் அவர்தான். தவறு அவருடையதல்ல, கட்டத்தைப் பிரித்தவருடையது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசிக்கச் சொல்கிறது. முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வை.

பிறந்த நாளையும் முகவரியையும் இப்போதே வாங்கி வைத்தால் பின்னால் விற்பனைக்கு உதவுமே என்று உன் நிறுவனத்தில் கேட்பார்கள். காரணம் புரியாத கேள்விக்கு மக்கள் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போவார்கள். அந்தத் தரவை வைத்து எதை விற்பது? பொருள் அனுப்பும் நாளில் பின்கோடு கேட்டால் சரியாகவே தருவார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது.

எளிமையாக்கினால் பாதுகாப்பு போய்விடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தால்தான் கடவுச்சொல் வலுவானது என்று வெகுகாலம் நம்பினோம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த நிபந்தனைகளைக் கைவிடச் சொன்னது. நீளமான கடவுச்சொல்லை அனுமதி, அதை நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காதே, ஏற்கெனவே கசிந்தவற்றை மறு என்பதே அதன் சாரம். ஆக, இங்கே பயனருக்கு எளிதானதே பாதுகாப்பானதும்கூட.

செல்போன் எண்ணில் இடைவெளி விட்டதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பாதே; அதை நீக்குவது நிரலில் ஒரு வரி வேலை. பிழைச் செய்தி அந்தந்தக் கட்டத்தின் அடியிலேயே வரட்டும், ஏற்கெனவே நிரப்பியது அழியக் கூடாது. அடுத்த வாரம் உன் படிவத்தை அனுப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அந்தத் தகவலை யார், எந்த வேலைக்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று எழுதி அனுப்பு. பதில் எழுத முடியாத கட்டங்களை நீயே எடுத்துவிடு.

அன்புடன்,
மாமா