வெயில் போதும், அந்த உப்பு வேண்டாம்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் துணிப்பை தைக்கிறோம். சாமை, தேன், புளி விற்பவர்கள் பையில் தங்கள் பெயரை அச்சடித்துத் தரச் சொல்கிறார்கள். ஸ்கிரீனுக்கு ஒளி காட்டும் எக்ஸ்போசிங் மிஷின் வாங்க வசதியில்லை. 'வெயிலே போதும்' என்றார் ஒருவர். கடையில் எமல்ஷனும், அதில் கலக்க ஆரஞ்சு நிற உப்பும் கொடுத்தார்கள். முதல் ஸ்கிரீனைக் கழுவியபோது பூச்சு மொத்தமும் வழிந்து போய்விட்டது. இரண்டாவதில் எழுத்தே திறக்கவில்லை. எங்கே தப்பு, ஐயா?
– வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்கிரீன் எடுக்க வெயில் தாராளமாகப் போதும். டியூப்லைட் பெட்டியைவிட அது ஒருவகையில் மேல். டியூப்லைட் வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் வந்து, பெயரைக் கறுப்பில் எடுத்த ஃபிலிமின் ஓரத்துக்கு அடியில் புகுந்துவிடும். சூரிய ஒளி நேராக வந்து விழுவதால் எழுத்தின் விளிம்பு சுத்தமாக நிற்கும்.

எமல்ஷன் ஒரு பசை. புற ஊதாக் கதிர் பட்ட இடம் இறுகிவிடும். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து திறந்துகொள்ளும். உங்கள் முதல் ஸ்கிரீன் முழுக்கக் கரைந்தது என்றால், வெயில் போதவில்லை, அல்லது பூச்சு காயவில்லை. எனக்கு ஈரத்தின் மேல்தான் சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் மலைக்காற்றில் எத்தனை ஈரம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜன்னலை மூடிய இருட்டறையில், அச்சுப் பக்கம் (துணியில் படும் பக்கம்) கீழே பார்க்கும்படி சட்டத்தைப் படுக்கவைத்து, ஃபேன் போட்டு, ஓர் இரவு விடுங்கள்.

இரண்டாவது ஸ்கிரீனில் குற்றம் பெரும்பாலும் ஃபிலிமுடையது. அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அது உதவாது. ஒரே பிரதியை இரண்டாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் ஒட்டினால் சரியாகும். ஃபிலிம் நல்ல கறுப்பாக இருந்தால், வெயிலில் அதிக நேரம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுக்கும் விதம் முக்கியம். சட்டத்துக்குள் அடங்குகிற ஒரு பலகையில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் சட்டத்தைக் கவிழ்த்து, அச்சுப் பக்கத்தில் ஃபிலிமை வையுங்கள். ஃபிலிமின் மை எமல்ஷனைத் தொட வேண்டும். மேலிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரிய வேண்டும். அதன்மேல் கனமான கண்ணாடி. நடுவில் காற்று புகும் இடைவெளி இருந்தால் எழுத்து மங்கிவிடும். இத்தனையையும் அறைக்குள்ளேயே செய்து, போர்வையால் மூடி வெளியே கொண்டுவாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் ஓர் ஆணியை நேராக அடித்துக்கொள்ளுங்கள். ஆணியின் நிழல் மறையும் வரை பலகையைச் சாய்த்தால், அது சூரியனுக்கு நேரே நிற்கிறது என்று பொருள். பிறகு போர்வையை எடுக்கலாம்.

எத்தனை நிமிடம் என்று கேட்பீர்கள். உச்சி வெயிலில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்கும். எமல்ஷனுக்கு எமல்ஷன் மாறும். ஒரு வீணான ஸ்கிரீனில் அட்டையால் மறைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். எந்தப் பட்டை வழியாமல் நின்று எழுத்தும் சுத்தமாகத் திறக்கிறதோ, அதுதான் உங்கள் நேரம். மலைமேல் வெயில் உக்கிரம் என்று நேரத்தைக் குறைக்க வேண்டாம். உங்கள் மலையிலுள்ள காவலூர் வானாய்வகமே 725 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். உங்களுக்குப் பகை மேகம்தான். பாதியில் சூரியன் மறைந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

துணிக்கு ஸ்கிரீன் வலையின் மெஷ் சென்டிமீட்டருக்கு 43 இழை போதும். புதுத் துணியில் கஞ்சி இருந்தால் அலசிவிட்டு அச்சடியுங்கள். பிக்மென்ட் மை நன்றாகக் காய்ந்தபின் பின்பக்கமாகச் சூடாக இஸ்திரி போட வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின் துணிப்பைக்குக் கிராக்கி இருக்கிறது. ஒரே துவைப்பில் பெயர் அழிந்தால் அடுத்த ஆர்டர் வராது.

கடைசியாக அந்த ஆரஞ்சு உப்பு. அது பைகுரோமேட், எமல்ஷனை வெளிச்சத்தில் இறுகவைக்கும் சென்சிடைசர். பழைய அச்சகங்கள் காலகாலமாகப் புழங்கிய சரக்கு, விலையும் மலிவு. ஆனால் அதிலிருப்பது புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம். தோலிலும் புண் வரும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, நிலத்தடி நீரை என்ன செய்தது என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஸ்கிரீன் கழுவும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆனாலும் செய்யாறு பிறப்பது உங்கள் மலையில்தான். அங்கே அதைக் கொட்டுவானேன்? அதற்குப் பதில் டயஸோ சென்சிடைசர் கேட்டு வாங்குங்கள். விலை சற்று அதிகம், வெயிலில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், குரோமியம் இல்லை. மிச்சமுள்ள உப்பைக் கால்வாயிலோ குப்பையிலோ போடாமல், கையுறை போட்டு எடுத்து, பொட்டலத்தோடு கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.