பத்து நிமிட டெலிவரி: வண்டி ஓட்டியவர் மேல் மட்டும்தான் வழக்கா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனை வீட்டின் தரைத்தளத்தை ஆன்லைன் மளிகை நிறுவனம் ஒன்று குடோனாக எடுத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் டெலிவரி வண்டிகள் பறக்கின்றன. இருபதடித் தெரு, நடைபாதை கிடையாது. பிள்ளைகளை வாசலில் விடவே பயமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன், பால் வாங்கிவிட்டுத் திரும்பிய என் மாமனாரை (வயது 71) ஒரு டெலிவரி வண்டி இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடித்த பையனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். “போலீசுக்குப் போனா என் ஐடியை பிளாக் பண்ணிடுவாங்க அங்கிள்” என்று அழுதிருக்கிறான். மாமனாரும் மனமிரங்கி, ஆஸ்பத்திரியில் “வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டார். நிறுவனத்துக்கு போன் செய்தால், “அவர் எங்கள் ஊழியர் இல்லை, டெலிவரி பார்ட்னர்” என்கிறார்கள். தெருவில் சிலர் சொந்தச் செலவில் வேகத்தடை போடலாம் என்கிறார்கள். போன வாரம் வேறொரு பையனை மறித்துச் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். சட்டப்படி எங்களால் என்ன செய்ய முடியும்?

- வாசகி, சென்னை-91

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன: மாமனாரின் காயம், தெருவில் ஓடும் வேகம், அந்த வேகத்தை உண்டாக்கும் நிறுவனம். காயத்துக்குத்தான் கெடு இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

மாமனாரின் காயம்

எலும்பு முறிவு என்பது சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். பொதுச் சாலையில் அசட்டையாகவோ கண்மூடித்தனமாகவோ வண்டி ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 பொருந்தும். அதனால் கொடுங்காயம் ஏற்பட்டால் பிரிவு 125(பி) சேரும். இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இரண்டு பிரிவுகளிலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. அந்தப் பையன் மாதக்கணக்கில் சிறையில் கிடப்பானோ என்று உங்கள் மாமனார் கலங்க வேண்டியதில்லை. பிற்பாடு 125(பி) குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு அவரே சமாதானம் செய்துகொள்ளவும் வழி உண்டு. 281-ஐ அப்படி முடிக்க முடியாது. அதற்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

முதல் தகவல் அறிக்கை இல்லாமல் இழப்பீடு வாங்குவது மிகவும் கடினம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-ன் கீழ், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். மருத்துவச் செலவு, வலி, நிரந்தர ஊனம் இருந்தால் அதற்கும் சேர்த்துக் கேட்கலாம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கும் வழியைப் பிரிவு 164 தருகிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால், சிகிச்சை ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

“வழுக்கி விழுந்துட்டேன்” என்ற அந்த ஒரு வார்த்தைதான் உங்களுக்குப் பெரிய தலைவலி. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “வீட்டில் வழுக்கி விழுந்தவரை விபத்தில் அடிபட்டதாக ஜோடிக்கிறார்கள்” என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் நிச்சயம் வாதாடுவார். அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லி டாக்டரிடம் கெஞ்ச வேண்டாம். புகாரிலேயே, அப்படிச் சொன்னது ஏன் என்று மாமனார் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். அதற்குத் துணையாக ஆட்டோ டிரைவர், பார்த்த அக்கம்பக்கத்தார், எதிர்வீட்டு சிசிடிவி ஆகிய மூன்றையும் காட்டுங்கள். சிசிடிவியில் பழைய பதிவுகள் சில வாரங்களிலேயே தானாக அழிந்து, புதியது ஏறிவிடும். இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே அதைக் காப்பி எடுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றையும் கேமரா உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. புகாரைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)-ன்படி துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

“வேகமா போனான்” என்றால் போதுமா?

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அமலுக்குக் கொண்டுவந்த வேக வரம்பின்படி, குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியானாலும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 183-ன் கீழ் அபராதம். ஆனால் அதே பிரிவின் உட்பிரிவு (3), ஒரே ஒரு சாட்சி “வேகமாக வந்தான் என்று நினைக்கிறேன்” என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. கருவி ஏதாவது அளந்து சொன்னால்தான் அந்தக் கருத்து தனித்து நிற்கும்.

உங்கள் தெரு கேமராவை இங்கே பயன்படுத்தலாம். கேமராவில் தெரியும் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதைக் கடக்க ஆறு விநாடி ஆகும். மூன்றே விநாடியில் கடந்தால் வேகம் 60. இப்படிப் பத்து வண்டிகளின் பதிவை, தேதி, நேரம், நம்பரோடு பட்டியலிட்டு போக்குவரத்து உதவி ஆணையரிடம் கொடுத்து, ஸ்பீடு கன்னோடு ஆளை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். வெறும் புலம்பலாக வரும் மனுவைவிடக் கணக்கோடு வரும் மனுவுக்குச் சீக்கிரம் ஆள் வரும். ஒன்வேயில் எதிர்த்து வருவதும், கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டுவதற்கான பிரிவு 184-ல் வரும். வண்டி நம்பர் தெரிந்தால் போதும். ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்கும்போது வண்டியின் உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 133.

நம்பர் பிளேட்டே இல்லாத வாடகை மின்சார ஸ்கூட்டர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் அவை சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். அப்படி ஒரு வண்டி உங்கள் தெருவில் 40-ல் ஓடினால் அதில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது சலுகை போய்விடும். மேலே சொன்ன பிரிவு 281 எந்த வாகனத்துக்கும் பொருந்தும். உங்கள் மாமனாரை இடித்தது எந்த வகை வண்டி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனம் அல்லாத வண்டி என்றால் தீர்ப்பாயத்துக்குப் பதில் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும்.

நிறுவனம் கைகழுவ முடியுமா?

நீங்கள் கேட்க மறந்த கேள்வி இதுதான்; எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. “அவர் பார்ட்னர்” என்ற பதில் கால் சென்டரில் எடுபடும். பிரிவு 183(1)-ல் அவ்வளவு சுலபமாக எடுபடாது. தன்னிடம் வேலை செய்பவரை மட்டுமல்ல, தன் கட்டுப்பாட்டில் இருப்பவரையும் வேக வரம்பை மீறி ஓட்ட வைப்பவருக்கும் அங்கே தண்டனை உண்டு. நியமன உத்தரவு இருக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. எந்த ஆர்டரை யார் எடுப்பது என்று செயலி தீர்மானிக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்க்கிறது. தாமதமானால் ரேட்டிங் குறைகிறது, ஊக்கத்தொகை போகிறது, ஐடி முடக்கப்படுகிறது. இவ்வளவும் கட்டுப்பாடு இல்லையென்றால் வேறு எது கட்டுப்பாடு என்று நீதிமன்றத்தில் கேட்க நமக்கு நல்ல இடம் இருக்கிறது.

அடுத்தது உட்பிரிவு (4). பஸ் கம்பெனிகளின் கால அட்டவணையை மனதில் வைத்து எழுதப்பட்டது போன்ற வாசகம் அது. ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிடுகிறார், அல்லது உத்தரவிடுகிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்கவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையோ உத்தரவோ, அதைத் தந்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு முகாந்திரச் சாட்சியம் ஆகிவிடும்.

நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். எட்டு நிமிடத்தில் வரும் என்கிறது. குடோனிலிருந்து உங்கள் வீடு இரண்டரை கிலோமீட்டர் என்று வைப்போம். சாமான் எடுத்துப் பையில் போட மூன்று நிமிடம் போனால் மிச்சம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் என்றால் சராசரி வேகமே 30 ஆகிறது. சிக்னலில் நிற்காமல், திருப்பத்தில் பிரேக் போடாமல், மாடிப்படி ஏறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். நடைமுறையில் குடியிருப்புத் தெருக்களில் 30-ஐத் தாண்டாமல் முடியாது. சட்டம் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

நிறுவனம் சும்மா இருக்காது. “அது வாடிக்கையாளருக்குச் சொல்லும் உத்தேச நேரம். ஓட்டுபவருக்கு நாங்கள் உத்தரவிடவில்லை, குடோன் பக்கத்திலேயே இருப்பதால்தான் சீக்கிரம் போகிறது” என்று வாதாடும். ஓட்டுபவரின் செயலியில் என்ன காட்டியது, தாமதத்துக்கு என்ன செய்தி வந்தது என்பது அப்போது முக்கியமாகும். அந்தப் பதிவுகளை ஒப்படைக்கச் சொல்லி நிறுவனத்துக்குச் சம்மன் அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 94 இடம் தருகிறது. இந்த விஷயத்தில் டெலிவரி பையன்கள் உங்கள் எதிரிகள் அல்ல. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல்தரமான சாட்சிகள். இடித்த பையன் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. மற்றவர்களிடம் பேசிப் பாருங்கள்.

நேர வாக்குறுதி சும்மா ஒரு விளம்பரம்தானே என்று யாராவது சொன்னால், 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகு பிளிங்கிட் நிறுவனம் பத்து நிமிட வாசகத்தைக் கைவிட்டதை நினைவுபடுத்துங்கள்.

புகாரில் இந்தப் பத்தியைச் சேர்க்கலாம்: “மேற்படி வாகனம் ஓட்டியவர் ……… நிறுவனத்தின் ஆர்டரை, அந்நிறுவனம் குறித்த நேரத்துக்குள் சேர்க்கும் பொருட்டு ஓட்டிவந்தார். அந்த நேரம், இப்பகுதிக்கான வேக வரம்புக்குள் முடிக்க இயலாதது. எனவே மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 183(1), 183(4)-ன் கீழ் நிறுவனத்தின் பங்கையும் விசாரிக்க வேண்டுகிறேன்.”

இழப்பீட்டு மனுவிலும் வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனியோடு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்த வெள்ளை போர்டு வண்டியை டெலிவரிக்கு ஓட்டினால், “பாலிசி நிபந்தனை மீறல்” என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும். அப்படிப்பட்ட வழக்குகளில், “முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்” என்று தீர்ப்பு வருவதுண்டு. அப்போது பாரம் முழுவதும் அந்தப் பையன் தலையில் விழும். மாமனாருக்கு அவன்மேல் இரக்கம் இருந்தால், நிறுவனத்தை வழக்கில் சேர்ப்பதுதான் அந்த இரக்கத்துக்குச் சட்டம் தரும் வழி.

குடோனும் வேகத்தடையும்

குடியிருப்பு வீட்டில் குடோன் நடத்தத் திட்ட அனுமதியும் மாநகராட்சியின் தொழில் உரிமமும் இருக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடம் குடோனாக ஓடுவது தெரிந்தால், நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தில் நடவடிக்கை கேட்கலாம். தெருவை அடைத்து வண்டி நிறுத்துவதைப் பொதுத் தொல்லையாகக் காட்டி, சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ன் கீழ் நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம்.

சொந்தமாக வேகத்தடை போடாதீர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைந்த மேடாக இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் வண்ணக்கோடும் வேண்டும். கொத்தனார் குவித்துவிட்டுப் போகும் சிமென்ட் மேட்டில் இரவில் யாராவது விழுந்து அடிபட்டால், வழக்கு உங்கள் தெருக்காரர்கள் மேல் வரும். மாநகராட்சிக்கு 1913-ல் புகார் பதிந்து எண் வாங்குங்கள். கவுன்சிலரிடமும் பகுதி சபையிலும் எழுத்தில் கொடுங்கள்.

சாவி பிடுங்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பொதுத் தெருவில் ஒருவரை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 126-ன் கீழ்ச் சட்டவிரோதத் தடுப்பு. ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்தால் தனி வழக்கு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது, எதிர்த்தரப்புக்கு ஒரு புகாரை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

வரிசை இதுதான். இந்த வாரம்: சிசிடிவி காப்பி, ஏ.ஆர். காப்பி, புகார், சி.எஸ்.ஆர். ரசீது. இந்த மாதம்: வேகக் கணக்கோடு போக்குவரத்துப் போலீசுக்கு மனு, தகவல் உரிமை மனு, 1913 புகார். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்: தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு, அதில் நிறுவனத்தின் பெயரோடு.