இணைய இணைப்பை மாற்றுவதற்கு முன்

எமது பகுதியில் ஒரு தாய் ஐந்து மாதங்களாக இரண்டு கம்பனிகளின் பெயரில் கடனாளியாக இருந்தார். வீட்டில் வேலை செய்ததோ ஓர் இணைய இணைப்பு மட்டுமே. மகள் உயர்தர வகுப்பு மாணவி. இரவு ஏழு மணிக்கு ஆசிரியர் இணைய வகுப்பைத் தொடங்கினால் படம் அப்படியே நின்றுவிடும். குரல் விட்டுவிட்டு வரும். அந்த நேரம் பார்த்து வீடு வீடாக வந்த விற்பனையாளர் ஒருவர், "எங்கட இணைப்பு நூறு வேகம், அக்கா" என்றார். தாய் புதிய றவுட்டரை வாங்கினார். பழையதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். பாவிக்காவிட்டால் கட்டணமும் வராது என்பது அவருடைய எண்ணம். கட்டணம் வந்துகொண்டே இருந்தது. புதிய இணைப்பும் ஏழு மணிக்குப் படுத்துவிட்டது.

பின்னர் நாம் சென்று பார்த்தபோது றவுட்டர் உள்ளறையில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. கோபுரத்திலிருந்து வரும் வானொலி அலையைத் தகரம் தடுக்கும். அடர்ந்த மரங்களும் அதைப் பலவீனமாக்கும். அலுமாரியில் கிடந்த பழைய றவுட்டரை இறக்கி, கோபுரத்தைப் பார்த்த முன் யன்னலில் வைத்தோம். அன்றைய வகுப்பு தடங்கலின்றி நடந்தது!

ஆகவே கம்பனியை மாற்றுவதற்கு முன் குறை எங்கே என்று அறிய வேண்டும். அதிகாலையிலும் இரவு எட்டு மணிக்கும் வேகத்தை அளந்து மூன்று நாள் எழுதி வையுங்கள். காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால், ஒரே கோபுரத்தைப் பலர் பங்கிடுகிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். எந்நேரமும் மோசமென்றால் முதலில் றவுட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் மோசமென்றால் உங்கள் பொதியின் டேற்றா அளவு முடிந்திருக்கலாம். அதற்கு வேறு கம்பனி மருந்தல்ல. பெரிய பொதியே மருந்து. காணொளி வகுப்பு ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைற்றோ அதற்கு மேலோ விழுங்கும். சில பொதிகளில் இரவுக்கென ஒதுக்கிய டேற்றா நள்ளிரவுக்குப் பின்னரே கிடைக்கும். மாணவருக்கு அதனால் என்ன பயன் என்று கேளுங்கள்.

"நூறு" என்பதையும் சற்று ஆராய்வோம். கம்பனிகள் வேகத்தை மெகாபிற்றில் சொல்கின்றன. கோப்புகளின் அளவோ மெகாபைற்றில் இருக்கும். 8 பிற் சேர்ந்ததே 1 பைற். ஆகவே 100 மெகாபிற் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 12.5 மெகாபைற்றே இறங்கும். இது ஏமாற்று அல்ல. ஆனால் விளங்காதவருக்கு ஏமாற்றம்தான். 300 மெகாபைற் பாடக் காணொளி ஒன்றை இறக்க 8 மெகாபிற் இணைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வேகம் தடங்கலின்றிக் கிடைத்தால் ஒரு மாணவிக்கு நூறு தேவையில்லை.

உங்கள் வீதிக் கம்பம் வரை ஒளியிழைக் கேபிள் வந்திருந்தால் அது வேறு கதை. பழைய செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். மின்னலும் அதனூடாக வீட்டுக்குள் வரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையமே மின்சாரம் அனுப்பியது. ஒளியிழைக்கு மாறியபின் வீட்டில் மின்சாரம் நின்றால், மின்கல வசதி இல்லாதவிடத்து அந்தத் தொலைபேசியும் நின்றுவிடும். முதியவர்கள் தனியே இருக்கும் வீடுகளில் இதை முன்னரே யோசியுங்கள். 2025 யூலையில் ஸ்ரார்லிங் செய்மதிச் சேவையும் இலங்கையில் தொடங்கியது. கோபுரமே எட்டாத இடங்களுக்கு அது உதவும். சாதாரண குடும்பத்துக்கு விலை தாங்காது.

மாறுவதென்றே முடிவானால், புதியது வந்து ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும்வரை பழையதை வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் அதே கம்பனியின் இணைப்பு இருந்தால் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். விற்பனையாளரின் வாயைவிட அது நம்பகமானது. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விட்டால் தண்டப்பணம் உண்டா, றவுட்டர் யாருக்குச் சொந்தம், அது வேறு கம்பனியின் சிம்முக்கு வேலை செய்யுமா என்பவற்றைக் கையொப்பமிடுமுன் கேளுங்கள். பழைய இணைப்பை நிறுத்தும்படி எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். கம்பனி அசையாவிட்டால் பிரதிகளுடன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1996ம் ஆண்டின் 27ம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது.

மேற்சொன்ன தாயிடம் எந்தக் கடிதமும் இருக்கவில்லை. விற்பனையாளர் தந்த தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது. அதுவும் இப்போது வேலை செய்வதில்லை. பழைய கம்பனியின் நிலுவையை மூன்று தவணைகளில் கட்டி வருகிறார்.

குழுவில் செய்ய: அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது கடைசிக் கட்டணப் பட்டியலைக் கொண்டு வாருங்கள். எந்தத் தொகை எதற்காக அறவிடப்பட்டுள்ளது என்று ஒருவருக்கொருவர் வாசித்து விளக்குங்கள். விளங்காத வரிகளுக்குக் கீழே கோடிட்டு, அவற்றை ஒரே கடிதத்தில் கம்பனியிடம் கேளுங்கள்.