உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டிச் சத்தமும் கிளச்சுக் கோளாறும்

பெரும்போகத்து மழை தொடங்கி, குளத்து நீர் வாய்க்காலில் விடப்படும் நாட்களில் உழவு இயந்திரம் பழுதுற்று நிற்குமாயின், அதனால் ஏற்படும் நட்டம் திருத்தச் செலவோடு முடிவதில்லை. விதைப்பு பிந்தும், பிந்திய பயிர் நீர் முறை முடிந்த பின்னரும் வயலில் நிற்கும், கூலிக்கு உழுவிப்போரின் வயல்களும் தரிசாய்க் கிடக்கும். ஆயினும் கியர்ப்பெட்டியும் கிளச்சும் முன்னறிவிப்பின்றிப் பழுதடைவது அரிது. சத்தம், மணம், மிதியின் அசைவு ஆகியவற்றால் அவை தம் நிலையை முன்னரே உணர்த்துகின்றன. அவற்றை அறியும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது மசி பேர்குசன் 35 ஆகும். 1956ஆம் ஆண்டில் பேர்குசன் 35 என்னும் பெயரோடு இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வியந்திரம், 1957ஆம் ஆண்டின் இறுதியில் சிவப்பு நிறமும் புதிய பெயரும் பெற்று, 1964ஆம் ஆண்டு வரை அங்கு உற்பத்தி செய்யப்பட்டது. ஏனைய பழைய இயந்திரங்களுக்கும் இங்குக் கூறப்படுவன பெரும்பாலும் பொருந்தும்.

1. அமைப்பு

எஞ்சினின் பின்புறத்திலுள்ள பாரச்சில்லோடு கிளச்சுத் தட்டு அழுத்தப்பட்டிருக்கும்போது, எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியின் முதற் தண்டுக்குச் செல்கிறது. மிதியை அழுத்தினால், றிலீஸ் பெயரிங் எனப்படும் போதிகை முன்சென்று நெம்புகளைத் தள்ள, தட்டு விடுபடுகிறது. முதற் தண்டின் முனையைப் பாரச்சில்லின் நடுவில் தாங்குவது பைலட் பெயரிங் ஆகும்.

மசி பேர்குசன் 35இல் முன்னோக்கி ஆறு கியர்களும் பின்னோக்கி இரண்டு கியர்களும் உண்டு. மூன்று கியர்களைக் கொண்ட பெட்டிக்குப் பின்னால் வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுத் தொகுதி ஒன்று இருப்பதால் இவ்வெண்ணிக்கை கிடைக்கிறது. சில இயந்திரங்களில் இரட்டைக் கிளச்சு உண்டு. அவற்றில் மிதியைப் பாதி அழுத்தினால் சில்லுகளுக்குச் செல்லும் விசை நிற்கும்; முழுவதும் அழுத்தினால் மட்டுமே பி.ரி.ஓ. தண்டும் தூக்கிப் பம்பியும் நிற்கும்.

2. சத்தத்தின் இடத்தை அறிதல்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கலப்பையை நிலத்தில் இறக்கி, பி.ரி.ஓ. தண்டைத் துண்டித்து, கியரை நியூட்றலில் வைத்தல் வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பின்வருவனவற்றை ஒழுங்காகக் கவனிக்கலாம்.

(அ) மிதியில் கால் வைக்காதபோது சத்தம் கேட்டு, மிதியை அழுத்தியதும் நின்றுவிடுமாயின், முதற் தண்டின் போதிகையோ அதனோடு சுழலும் பற்சில்லுகளோ தேய்ந்துள்ளன. இரட்டைக் கிளச்சாயின், பாதி மிதியில் நிற்கும் சத்தம் கியர்ப்பெட்டிக்குரியது. முழு மிதியில் மட்டுமே நிற்பது பி.ரி.ஓ. தண்டுக்கோ பம்பிக்கோ உரியது.

(ஆ) மிதி தளர்ச்சியாக அசையும் தூரம் முடிந்து, சற்று அழுத்தம் ஏற்பட்டவுடனே கீச்சென்ற சத்தம் எழுமாயின், றிலீஸ் பெயரிங்கே காரணமாகும்.

(இ) மிதி முழுவதும் அழுந்தி, முதற் தண்டு சுழலாது நின்ற பின்னரே சத்தம் எழுமாயின், பைலட் பெயரிங்கைச் சந்தேகித்தல் வேண்டும்.

அடுத்து, இயந்திரத்தை ஒவ்வொரு கியரிலும் மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். ஒரு கியரில் மாத்திரம் சத்தம் உண்டாயின் அக்கியருக்குரிய பற்சில்லுகளே தேய்ந்தவை. குறைந்த வேகக் கியர்கள் யாவற்றிலும் கேட்டு, கூடிய வேகக் கியர்களில் கேட்காவிடின், வேகத்தைக் குறைக்கும் தொகுதியை ஆராய்தல் வேண்டும். எல்லாக் கியர்களிலும் கேட்குமாயின் முதலில் எண்ணெய் மட்டத்தையும் பின்னர் போதிகைகளையும் பார்த்தல் முறை. திரும்பும்போது மாத்திரம் கேட்பது பின்னச்சிலுள்ள டிபரென்சியலின் சத்தமாகும்.

சில்லின் ஓட்டத்துக்கேற்ப ஒரே இடைவெளியில் “டக், டக்” என்று கேட்குமாயின், ஒரு பல் உடைந்திருக்கக்கூடும். அவ்வியந்திரத்தை உடனே நிறுத்துதல் வேண்டும். “இன்றைய உழவை முடித்துவிட்டுப் பார்ப்போம்” என்று மேலும் ஓட்டினால், உடைந்த துண்டு வேறு பற்களுக்கிடையிற் சிக்கி, பெட்டியின் வார்ப்பையே வெடிக்கச் செய்யலாம். ஒரு பற்சில்லோடு முடியவேண்டிய செலவு ஒரு கியர்ப்பெட்டியின் செலவாகிவிடும்.

3. எண்ணெய் கூறும் செய்தி

மசி பேர்குசன் 35இல் கியர்ப்பெட்டி, பின்னச்சு, தூக்கிப் பம்பி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பயன்படுகிறது. ஆகையால் எண்ணெய் கெட்டால் மூன்றும் கெடும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் அதிலே நீர் கலந்துள்ளது. சேற்றுழவின்போதும் இயந்திரத்தைக் கழுவும்போதும், கியர்த் தடியின் கிழிந்த இறப்பர் உறை வழியே நீர் உட்புகுவதுண்டு. இயந்திரத்தை ஓர் இரவு அசையாது விட்டு, காலையில் வடிகால் ஆணியைச் சற்றுத் தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் வெளிவரும்.

வடித்த எண்ணெயில் மாப்போன்ற நுண்ணிய உலோகத் தூள் சிறிது இருப்பது வழமையான தேய்மானமாகும். கையில் உறுத்தும் துண்டுகள் இருப்பின் பெட்டியைத் திறந்து பார்த்தேயாக வேண்டும். சத்தத்தை மறைப்பதற்கு மிகத் தடித்த எண்ணெயை ஊற்றுவது தவறு. தேய்ந்த பல் அதனால் வளராது. தூக்கிப் பம்பியும் எண்ணெயை இழுக்க முடியாது வருந்தும். பழைய இயந்திரத்தை வாங்குவோர், எண்ணெய் சூடேறும் வரை ஓட்டிய பின்னரே சத்தத்தைக் கேட்டறிதல் நன்று.

4. கிளச்சு வழுக்குதல்

எஞ்சின் வேகமாகச் சுழன்றும் இயந்திரம் இழுக்காதிருப்பதும், கருகிய மணம் வீசுவதும் இதன் அறிகுறிகள். சோதிப்பதற்கு, திறந்த வெளியில் பிறேக்கை நன்கு பூட்டி, கூடிய வேகக் கியரில் இட்டு, மிதியைச் சீராக விடுதல் வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் கிளச்சு நன்று. நில்லாது ஓடினால் வழுக்குகிறது. இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தலாகாது, தட்டு எரிந்துவிடும்.

தட்டு தேயத் தேய மிதியின் தளர்ச்சி குறைந்துகொண்டே வரும். தளர்ச்சி முற்றாக இல்லாது போனால் கிளச்சு முழுமையாகப் பற்றாது. ஆகவே முதலில் இணைப்புக் கோலைச் சரிசெய்து, கைநூலிற் கூறப்பட்ட தளர்ச்சியைக் கொடுத்தல் வேண்டும். பல வேளைகளில் இதுவே போதுமானது. இதைச் செய்யாமல் இயந்திரத்தைப் பிரிப்பது வீண் செலவாகும். தளர்ச்சி சரியாக இருந்தும் வழுக்குமாயின், தட்டு தேய்ந்திருக்கலாம், விற்சுருள்கள் தளர்ந்திருக்கலாம், அல்லது தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். கிளச்சு அறையின் அடியிலுள்ள சிறு துளையால் எண்ணெய் சொட்டுவது, உள்ளே அடைப்பு வளையம் பழுதென்பதைக் காட்டும். அத்துளை சேற்றால் அடைபட்டால் எண்ணெய் வெளியேறாது தட்டையே நனைக்கும்; சேற்றுழவு முடிந்ததும் அதனைத் துப்புரவு செய்தல் அவசியம்.

5. கிளச்சு விடுபடாமை

மிதியை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் பொறுத்த பின்னரும் கியர் “கறகற”வென்று அரைபட்டே விழுமாயின், கிளச்சு விடுபடவில்லை. மிதியின் தளர்ச்சி மிகுந்திருத்தல், தட்டு நெளிந்திருத்தல், தண்டிலே துருவேறித் தட்டு நகராதிருத்தல் ஆகியன காரணங்களாம். பொறுத்த பின் கியர் மெதுவாக விழுந்தால், பழுது கிளச்சில் இல்லை. செலுத்துபவரின் அவசரத்திலேயே உண்டு. இவ்வியந்திரத்தில், நின்ற நிலையிலேயே கியரை மாற்றுதல் வேண்டும்.

போகத்துக்குப் போகம் நிறுத்திவைக்கும் இயந்திரத்தில் தட்டு பாரச்சில்லோடு ஒட்டிக்கொள்வதுண்டு. நிறுத்திவைக்கும் காலத்தில் மிதியை அழுத்தி ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்தால் இது நிகழாது.

6. திருத்தமும் பாதுகாப்பும்

தளர்ச்சியைச் சரிசெய்தல், எண்ணெய் மாற்றுதல், உறையை மாற்றுதல், துளையைத் துப்புரவாக்குதல் ஆகியவற்றைக் கமக்காரரே செய்யலாம். கிளச்சுத் தட்டை மாற்றுவதற்கு இயந்திரத்தை நடுவில் இரண்டாகப் பிரித்தல் வேண்டும். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. பிரித்தபோதே தட்டு, இரு போதிகைகள், அடைப்பு வளையங்கள் யாவற்றையும் பரிசோதித்துத் தேய்ந்தவற்றை மாற்றிவிடுதல் சிக்கனம். மலிவான ஒரு போதிகைக்காக மறுமுறை பிரிக்க நேர்ந்தால் கூலி இருமடங்காகும்.

பி.ரி.ஓ. தண்டு சுழலும்போது அதனருகே சென்று சத்தம் கேட்டலாகாது. சாரத்தின் தலைப்பு ஒருமுறை சுற்றிக்கொண்டால் ஆளையும் இழுத்துவிடும். கிளச்சு சரிவர விடுபடாத இயந்திரத்தின் முன்னும் பின்னும் எவரும் நிற்றலாகாது. உழும்போது மிதிமேல் காலை ஊன்றியிருத்தலும், அணைக்கட்டுச் சரிவில் நியூட்றலில் இறங்குதலும் முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்.

அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் காலமே இச்சோதனைகளுக்கு ஏற்ற காலமாகும். அப்போது அறியப்படும் பழுதைத் திருத்துவதற்கு அவகாசமுண்டு. முதல் மழைக்குப் பின் அறியப்படும் பழுதுக்கோ விளைச்சலையே விலையாகக் கொடுக்க நேரிடும்.