தாருக்கு இரும்பு பம்பர்?

கேள்வி: ஜவ்வாது மலைப் பயணத்துக்காக, என் தார் வண்டிக்கு முன்பக்கம் இரும்பு பம்பர் மாட்ட ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: வாங்கவே வேண்டாம். புல் பார், கிராஷ் கார்டு வகையறாக்களைத் தடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மீறி வண்டியை மாற்றினால் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே வரலாம்.

அதைவிடப் பெரிது உயிர். வண்டியின் முன்பகுதி மோதலில் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. சேஸில் நேராக போல்ட் போட்டு முடுக்கிய கனத்த இரும்பு அப்படி நசுங்காது. அதிர்ச்சி உள்ளே இருப்பவர்மேல் இறங்கும், ஏர்பேக் விரியும் கணமும் பிசகலாம். மலைக்கு எப்போதாவது போவீர்கள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக் கூட்டத்தில் தினமும் ஓட்டுவீர்களே! அந்த இரும்பு ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் நிற்கும்.

சேற்றில் சிக்கினால் டோ ஹூக்கும் தரமான இழுவைப் பட்டையும் போதும். பாறை இடிக்குமென்ற பயமிருந்தால் அடியில் ஸ்கிட் பிளேட் போடுங்கள்.