வரிசை ஒன்றானால் உறவாகுமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வேட்டு வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் சேர்ந்து இவ்வளவு சீக்கிரம் இந்த அளவுக்கு எழுதியிருக்கிறாயே என்று மனம் நிறைந்தது. ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது. ஜப்பானியத்திலும் துருக்கியிலும் வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது, ஆகவே மூன்றும் ஒரு மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறாய். அந்த 'ஆகவே' வேண்டாம் அம்மா.

ஒற்றுமை இருப்பது உண்மை. 'நேற்று வந்த ஆள்' என்பதை ஜப்பானியர் 'கினோ கிதா ஹிதோ' என்பார்கள். துருக்கியில் 'நேற்று வந்த பிள்ளை' என்றால் 'த்யுன் கெலென் சோஜுக்'. சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான். நம் பெயரெச்சம் செய்கிற வேலையை அங்கேயும் ஒரு வினைவடிவமே செய்துவிடுகிறது. முதல் தடவை பார்க்கும் எவருக்கும் சிலிர்க்கும். கால்டுவெல்லையே இது இழுத்தது. 1856-இல் வந்த ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியவர், அதே நூலில் அவற்றைத் துருக்கி முதலிய 'சித்திய' மொழிகளோடு உறவாக்கவும் முயன்றார். முதல் முடிவு இன்றும் நிற்கிறது. இரண்டாவதை அறிஞர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

முதல் முடிவு ஏன் நின்றது என்று பார். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இங்கே சேரி, அங்கே கேரி. இங்கே சிறு, அங்கே கிறு. இகர எகரங்களுக்கு முன்னால் இருந்த பழைய ககரம் தமிழில் சகரமாகியிருக்கிறது. கன்னடம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. அப்படியானால் 'கிளி'யும் 'கெடு'வும் நம்மிடம் ஏன் மாறவில்லை? அடுத்து வருவது நாமடி ஒலி, அதனால்தான். மாறியதற்கும் விதி, மாறாததற்கும் விதி! தற்செயலாக இப்படி அமையாது, கடன் வாங்கியும் இப்படி அமையாது. அடிப்படைச் சொற்களிலும் உருபுகளிலும் இந்த ஒழுங்கு தென்பட்டால்தான் உறவு என்று சொல்லலாம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் இணைக்க முயன்றபோது அவரும் சொற்களையும் ஒலிகளையும் வைத்துத்தான் வாதிட்டார். அதைக்கூடப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. உன் வரைவில் இருப்பதோ சொல்வரிசை மட்டும்.

வரிசைக்கு ஏன் அந்த வலிமை இல்லை? எழுவாய், செயப்படுபொருள், வினை மூன்றையும் அடுக்கினால் ஆறு வரிசைதான் கிடைக்கும். அதிலும் உலக மொழிகளில் மிகுதியாக இருப்பது வினை கடைசியில் வரும் நம் வரிசையே. மொழியியலார் கிரீன்பெர்க் 1963-இல் முப்பது மொழிகளை ஒப்பிட்டார். திராவிடத்துக்குக் கன்னடம் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். வினை இறுதியில் நிற்கும் மொழிகளில் உருபுகள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் என்று அவர் காட்டினார். ஆகவே நீ பட்டியல் போட்டிருக்கும் ஒற்றுமைகளில் பல தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஒன்று இருந்தால் மற்றதும் கூடவே வரும்.

ஆங்கிலமும் இந்தியும் ஒரே குடும்பம், வாக்கியமோ வேறு. இந்தியும் தமிழும் வேறு குடும்பம், வாக்கியமோ கிட்டத்தட்ட ஒன்று. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. ஆனால் நாம் பெயரெச்சத்தை வைக்கும் இடத்தில், பெயருக்கு முன்னால், அதுவும் அப்படியே வைக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தால் வாக்கியமும் ஒட்டிக்கொள்ளும். மொழியியலார் எமெனோ 1956-இல் இந்தியாவை ஒரே மொழியியல் நிலப்பரப்பு என்றது, இப்படிப் பண்புகள் குடும்பம் தாண்டிப் பரவுவதைப் பார்த்துத்தான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பேசும் தக்கனி உருதுவைக் காது கொடுத்துக் கேள். 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் நம் 'என்று' நிற்கிற இடத்தில் அவர்கள் 'போல்கே' என்பார்கள். சொல் உருது, கட்டுமானம் தென்னாட்டுடையது. என்னைக் கேட்டால், ஜப்பான்வரை போவதைவிட இதைத் துருவுவதுதான் உனக்குப் பயன் தரும்.

இன்னொன்று. களப்பணியில் தமிழ் வாக்கியத்தைச் சொல்லி, 'இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்காதே. கேட்டால் தமிழ் வரிசையிலேயே பதில் வரும். அந்த மொழியின் இயல்பு உன் கைக்குக் கிடைக்காது. நம் பேச்சையே எடுத்துக்கொள். முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில், 'வந்துடுச்சு பாரு உங்க மாமா போட்டு' என்று கூப்பிடுகிறார்கள். வினை முதலில் நிற்கிறது. இலக்கண நூலை மட்டும் பார்த்தவர்கள் இதைப் பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள். பிழையில்லை, புதிய செய்தியை முன்னால் தள்ளிச் சொல்வது தமிழுக்கு இயல்பு. ஆகவே 'தமிழில் வினை இறுதியில் வரும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தச் சூழலில் இறுதியில் வருகிறது, எப்போது இடம் மாறுகிறது என்று பிரித்து எழுது.

தக்கனி பேசும் வீடுகளுக்குப் போகும்போது பெரியவர்களிடம் கதை சொல்லச் சொல்லு. அவர்கள் பாட்டுக்குப் பேசட்டும், நீ குறுக்கே பேசாதே. பதிவு செய்ததை அன்று இரவே எழுதி வைத்துவிடு; நாள் கடந்தால் யார் எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பது மறந்துபோகும்.

அன்புடன்,
பெரியப்பா
கடலூர் முதுநகர்