டிஸ்க் போனால் என்ன, ரெய்டு இருக்கிறதே!

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பிரம்மாண்டமான தரவு மையங்கள் வந்துவிட்டன. ஆனால் லேத் பட்டறையிலும், ஆவடி ஆடிட்டர் அலுவலகத்திலும், பூந்தமல்லி ஸ்கேன் சென்டரிலும் மேஜைக்கடியில் நாலு டிஸ்க் போட்ட சின்ன சர்வர்தான் கணக்கு வழக்கைச் சுமக்கிறது. அதில் ஒரு டிஸ்க் போய்விட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

நம்பிக்கை: ரெய்டு இருந்தால் பேக்கப் தேவையில்லை.
உண்மை: 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்த, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு, டிஸ்க் பழுதைத் தாங்கும், கைத்தவறைத் தாங்காது. அழித்த ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் புகுந்ததே, அந்தத் தண்ணீருக்கு ஒரு டிஸ்க்கும் ஒன்றுதான், நாலும் ஒன்றுதான்.

நம்பிக்கை: திரையில் ‘எஸ்டிபி’ (sdb) என்ற டிஸ்க் பழுது என்றால் இரண்டாவது டிரேயை உருவலாம்.
உண்மை: அந்தப் பெயர் டிரேயோடு ஒட்டியதல்ல, சர்வரை அணைத்துப் போட்டால் மாறக்கூடும். மாறாதது சீரியல் நம்பர்தான். ஒரு டிஸ்க் பழுதை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-ல் ஒன்று போயிருக்கும்போது நல்ல டிஸ்க்கை உருவினால் மொத்தமும் படுத்துவிடும். சர்வர் நன்றாக இருக்கும்போதே முறையாக அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் துண்டுச்சீட்டில் எழுதி டிரே முகப்பில் ஒட்டிவையுங்கள்.

நம்பிக்கை: போனதற்குப் பதிலாக, 4 டிபி என்றால் எந்த டிஸ்க்கும் சரி.
உண்மை: தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க், தொடர்ந்து எழுதச் சொன்னால் திணறும். தன் ‘ரெட்’ வரிசையிலேயே சில அவ்வகை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-ல் ஒப்புக்கொண்டது. அப்படி ஏற்றி எழுதாத சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்து வாங்குங்கள்.

நம்பிக்கை: புது டிஸ்க்கைச் சொருகியதும் வேலை முடிந்தது.
உண்மை: அப்போதுதான் ஏழரை ஆரம்பம். மற்ற மூன்றையும் படித்து, நொடிக்கு 150 எம்பி வேகத்தில் புது டிஸ்க்கில் 4 டிபியை எழுதி முடிக்கவே சுமார் ஏழரை மணி நேரம். நடுவில் பில்லிங்கும் ஓடினால் இன்னும் இழுக்கும். அதுவரை மிச்சமிருக்கும் மூன்றும், பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வயது டிஸ்க்குகள், ஓயாமல் படிக்கப்படும். அதில் ஒன்று சாய்ந்தால் ரெய்டு 5 கைவிரித்துவிடும்.

ஆகவே, புது டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன் வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுங்கள். எடுத்ததில் ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் கணக்கில் சேராது.